நிறத்தின் பாடபேதம்

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டொன்று, மலையமான் குலத்து மகளாகிய வானவன் மாதேவி தன் கணவன் சுந்தரசோழன் இறந்தபோது தீப்புகுந்ததைப் பாடுகிறது. அவள் பெற்ற மகன் இராசராசன். அக்கல்வெட்டைப் படியெடுக்க ஈரத்தாளும் கறுப்பு மையும் போதும். எழுத்தின் நிறம் என்னவென்று எவரும் கேட்பதில்லை. மகன் தஞ்சையில் எழுப்பிய பெரிய கோயிலின் சுவரோவியங்களைப் படியெடுப்போர்க்கு அந்த வசதி இல்லை. அங்கே நிறமே பாடம்.

கருவறையைச் சூழ்ந்த அந்த இருண்ட உட்சுற்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. ஆகவே நம்மில் பெரும்பாலோர் அறிந்த சோழர் ஓவியம் அச்சிட்ட ஓவியந்தான். ஒரு நூலில் செங்காவியாக இருக்கும் மேனி இன்னொன்றில் மஞ்சளோடிக் கிடக்கிறது. ஏட்டுச்சுவடிகள் இப்படி வேறுபட்டால் பாடபேதம் என்று அடிக்குறிப்பு இடுகிறோம். படத்துக்கு அடிக்குறிப்பு இடுவார் யார்?

நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் உறங்குவதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தியது 1931இல். அதே ஆண்டு, கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியமைப்பு ஆணையம், எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. அதற்கு அடிப்படை ரைட், கில்டு என்னும் இருவர் தனித்தனியே நடத்திய சோதனைகள். அவற்றில் நிறம் பார்த்துச் சொன்னவர்கள் மொத்தம் 17 பேர். இங்கிலாந்தில் இருந்த அந்தப் பதினேழு பேரின் கண்ணே இன்றளவும் உலகத்தாரின் பொதுக்கண்ணாக இருந்துவருகிறது! வேடிக்கைதான், ஆயினும் பெரும்பாலும் பொருந்திவருகிறது.

இந்த அளவை மேசைக் கணினிக்கு வந்துசேர அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. கேமரா, ஸ்கேனர், திரை, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வட்டார வழக்கைப் பேசும். ஒரே எண் ஒரு திரையில் குங்குமம், இன்னொன்றில் செங்கல். 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்னும் கூட்டமைப்பை நிறுவி, கலர் புரொஃபைல் என்னும் கோப்புக்குப் பொது இலக்கணம் வகுத்தன. 1996இல் ஹியூலட்-பேக்கர்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறவெளியை முன்மொழிந்தன.

புரொஃபைலை ஓர் அகராதி எனலாம். இந்தக் கருவியின் இந்த எண், 1931ஆம் ஆண்டு அளவையில் எந்த நிறம் என்று அது பொருள் சொல்கிறது. அச்சுப்பொறிக்கான அகராதி மையையும் தாளையும் சேர்த்தே எழுதப்படுவது. பளபளப்புத் தாளுக்கு எழுதியதை மங்கல் தாளுக்குக் கொள்ள இயலாது.

எல்லா மொழிபெயர்ப்பிலும் போல இங்கும் அகப்படாத சொற்கள் உண்டு. திரை காட்டும் சில நிறங்களை மை எட்டாது. எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுத்து, ஏனையவற்றை உள்ளபடி விடுவது ஒரு முறை. நிறங்களின் உறவு கெடாதபடி எல்லாவற்றையும் சுருக்குவது மற்றொன்று. காவி, சுண்ணாம்பு, கரி ஆகியவற்றால் தீட்டிய சுவரோவியத்துக்கு முன்னதே தக்கது என்பது நம் கருத்து. மண் நிறங்களில் மிகப்பல மையின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். திருக்கோவிலூர் இடைகழியில் பேயாழ்வார் கண்ட பொன்மேனியோ இரண்டுக்கும் அகப்படாது. பொன்னின் ஒளி பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுவது. வழக்கமான நான்கு மைகளில் அது வெறும் மஞ்சட்காவியாய் இறங்கும்.

இத்தனைக்கும் முந்திய வேலை சுவரருகே நடந்தாக வேண்டும். படமெடுப்பவர் அளவறிந்த நிற அட்டை ஒன்றை ஓவியத்தின் ஓரத்தில் வைத்து, அதையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சான தாளையும் 5000 கெல்வின் ஒளியில் வைத்தே ஒப்புநோக்குதல் முறை. அட்டை இல்லாமல் எடுத்த படத்தில் விளக்கின் மஞ்சள் எவ்வளவு, சுவரின் மஞ்சள் எவ்வளவு என்று பிரித்தறிய எந்தப் புரொஃபைலுக்கும் வழியில்லை.