வண்டலுக்கு மதிப்பு இருந்த காலம்

ரமணாசிரமத்தை அடுத்து, அண்ணாமலையின் அடிவாரத்தில் கிடக்கிறது சமுத்திரம் ஏரி. இதைப் போன்ற மானாவாரி ஏரிகளுக்கு மழைநீரோடு மண்ணும் எருச்சத்தும் சேர்ந்தே வரும். பழைய வேளாண்மை வயலின் அந்த இழப்பையே வரவாக்கிக்கொண்டது. வயலில் கரைந்த மணிச்சத்து மண் துகளில் ஒட்டி ஏரியின் அடியில் படியும். கோடையில் ஏரி வற்றியதும் குடியானவர்கள் வண்டி கட்டி அந்த வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். நிலம் எரு பெறும், ஏரி ஆழம் பெறும். இதை முன்னோரின் இயற்கைப் பற்று என்று மட்டும் புகழ்ந்தால் காரணத்தைத் தவறவிடுவோம். விலைக்கு எரு கிடைக்காத ஊரில் வண்டல் ஒரு சொத்து. ஏரிக்கென்று வருமானமும் இருந்தது: 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் ஆங்கிலேய நில அளவையாளர் பார்னார்டு எடுத்த கணக்குகளில், ஏரிப் பராமரிப்புக்கு விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சி அந்தப் பங்குகளை நிலவரிக்குள் இழுத்துக்கொண்டது. வருமானம் போனதும் உழைப்பும் தளர்ந்தது. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டும், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து மீளவில்லை, ஆதாயம் செய்த வேலையைத் தண்டனையால் செய்ய முடியாது. பிறகு வந்த ரசாயன உரம் வண்டலின் மதிப்பையும் குறைத்தது. 2010இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்குச் சத்தின் அளவை வைத்து மானியம் வந்தபோது யூரியா மட்டும் அதற்கு வெளியே நின்றது. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அளந்து போட யாருக்குத் தோன்றும்? பயிர் எடுத்தது போக மிஞ்சியது நீரோடு ஓடுகிறது. ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் தழைக்கின்றன.

பழைய முறையில் சாதிக் கொடுமை இருந்தது என்பார்கள். உண்மைதான், மண் சுமந்தவருக்கும் பலன் பெற்றவருக்கும் இடையே இருந்த தூரத்தை மறைக்கக் கூடாது. நான் கேட்பது அந்த உழைப்பு முறையை அல்ல, வண்டலுக்கு இருந்த மதிப்பை. யூரியா விலை ஏறினால் சிறு விவசாயி நொடிந்துபோவார் என்ற அச்சம் இன்னும் கனமானது. ஸ்வீடன் 1984இல் விதித்த உர வரியை 2010இல் கைவிட்டதையும் சிலர் காட்டலாம். ஆனால் மானியத்தை மூட்டைக்குப் பதிலாக ஏக்கருக்குக் கொடுத்தால், மொத்த உதவி குறையாது; ஒவ்வொரு கூடுதல் மூட்டைக்கும் அரசே ஊக்கம் தருவது நிற்கும். 2017இல் தமிழக அரசு ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க அனுமதித்தது நல்ல தொடக்கம். ஆனால் மண் இலவசமானாலும் டிராக்டர் வாடகை இலவசமில்லை, சிறு விவசாயி அங்கேதான் பின்வாங்குகிறார். அந்த வாடகையின் ஒரு பகுதியை உர மானியத்திலிருந்தே கொடுக்கலாம். நகரச் சாக்கடை கலக்கும் ஏரியானால், அள்ளுவதற்கு முன் வண்டலைப் பரிசோதிக்கும் செலவையும் அரசே ஏற்க வேண்டும்.