மனு எழுதிய கையும் பிழை திருத்தும் கருவியும்

பால்மரத் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில், துரைக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ ஒரு மனு போட வேண்டுமென்றால் எழுத்தறிந்தவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கிராணியோ தோட்டப் பள்ளி ஆசிரியரோ எழுதித் தருவார். அடியில் கைநாட்டு விழும். எழுதியதில் ஒரு சொல் பிசகினாலும் கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. பலனை அனுபவிப்பவர் மட்டும் அவர்தாம். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் கணினியில் தாமே கடிதம் எழுதுகிறார்கள். பிழை திருத்தவும் கருவி வந்திருக்கிறது. அது எப்படி வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இப்போது பார்ப்போம்.

முதலில் வந்தது தட்டச்சு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1907-இல் மலாயாவுக்கு வந்த ரா. முத்தையா என்பவர் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி. தமிழின் 247 எழுத்துகளுக்கும் 247 விசைகள் வைக்க முடியுமா? முடியாது. ஆகவே தமிழ்த் தட்டச்சில் 'நகரா விசை' அமைந்தது. புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து 'க' அடித்தால், அது புள்ளியின் கீழே வந்து அமர்ந்து 'க்' ஆகும். ஆனால், பிழையாக அடித்தால் அந்தப் பொறி பிழையையும் அழகாகவே அடித்துக் கொடுத்தது.

அடுத்து வந்தது கணினி. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முயற்சி, 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளாக வளர்ந்தது. எழுத வழி பிறந்தது. திருத்த வழி உடனே பிறக்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைப் பயன்படுத்தியது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் கணினி படிக்காது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தும், அது பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது.

மற்றொன்று, தமிழின் இயல்பு. அகராதியில் இருப்பது 'வீடு' ஒன்றுதான். நாம் எழுதுவதோ வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீடுகளுக்கும் என்று விரிந்துகொண்டே போகிறது. வினைச்சொற்களைச் சொல்லவே வேண்டாம். ஆகவே சொற்பட்டியல் போதாது. இலக்கணத்தையும் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் 'மென்தமிழ்', நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' என்னும் எழுத்துப் பிழைதிருத்தி, 'நாவி' என்னும் சந்திப் பிழைதிருத்தி ஆகியவை இந்த வழியில் எழுந்தவை.

சரி, கருவி வந்துவிட்டது. இனிக் கவலை இல்லையா? ஓர் எடுத்துக்காட்டு. 'வாடகையைக் குறைக்க வேண்டும்' என்று எழுத நினைத்து, 'குரைக்க வேண்டும்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? குரைப்பது நாய். ஆயினும் 'குரைக்க' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லே. சொல்லை மட்டும் பார்க்கும் கருவி பேசாமல் இருந்துவிடும். ஒற்றும் அப்படித்தான். 'வேலை கொடுத்தார்' என்றால் பணி கொடுத்தார். 'வேலைக் கொடுத்தார்' என்றால் முருகன் கை வேலாயுதத்தைக் கொடுத்தார்! எது வேண்டும் என்பதை எழுதியவரே அறிவார்.

நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பத்துமலையில் உள்ள 'பத்து', கல்லைக் குறிக்கும் 'பாத்து' என்ற மலாய்ச் சொல். அதை 'பத்து மலை' என்று பிரித்து எழுதினால், கருவிக்கு இரண்டும் சரியான சொற்கள். பத்து மலைகள் என்று பொருள் மாறியதை அது காணாது. மறுபுறம், சரியாக எழுதிய 'சுங்கை பூலோ'வின் கீழ்ச் சிவப்புக் கோடு இடலாம். சிவப்புக் கோடு என்பது 'இந்தச் சொல்லை நான் அறியேன்' என்பதன் அடையாளம். 'நீ எழுதியது தவறு' என்ற தீர்ப்பன்று. அத்தகைய பெயர்களைக் கருவியின் அகராதியில் நாமே சேர்த்துவிடலாம்.

ஆகவே பெற்றோர்களே, மாணவர்களே, முக்கியமான கடிதம் எழுதும்போது இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். முதலில், எழுதும் மொழி தமிழ் என்று கணினிக்குத் தெரிவியுங்கள். இல்லையேல் எல்லாச் சொல்லின் கீழும் கோடு விழலாம். பிறகு கருவி காட்டும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். பெயர், அடையாள அட்டை எண், தேதி, தொகை ஆகியவற்றை மூலத் தாளுடன் ஒப்பிடுங்கள். இவற்றைத் திருத்த எந்தக் கருவிக்கும் வழி தெரியாது. கடைசியாக, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட 'இது நாம் சொன்னதில்லையே' என்று கண்டுபிடித்துவிடுவார்.

அன்று மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே நம் முன்னோர் கைநாட்டு வைத்தனர். கருவி சரி என்றதால் படித்துப் பாராமல் கையொப்பம் இட்டால், நம் நிலையும் அதுவேயாகும். படித்துப் பார்த்துவிட்டே கையொப்பம் இடுவோம்.