தேய்மானமும் தேதியும்: தில்லியில் பிரேக் காலிப்பரின் வரலாறு

இந்தியத் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. அணை கட்டிய ஆண்டு, உருக்காலை தொடங்கிய ஆண்டு, முதல் கார் வெளிவந்த ஆண்டு என்று அது நகரும். அந்தக் கார் அடுத்த இருபது ஆண்டுகள் யார் கைவேலையால் ஓடியது என்னும் கேள்வி அதில் அரிதாகவே எழும். டேவிட் எட்ஜர்டன் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூலில், புதுமைகளை அல்ல, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாக்கித் தொழில்நுட்ப வரலாற்றை எழுதவேண்டும் என்று வாதிட்டார். அவ்வாதத்தைத் தில்லியில் சோதித்துப் பார்ப்பதற்குப் பிரேக் காலிப்பர் ஏற்ற பொருள். வீட்டு வாசலிலேயே கழற்றிப் புதுப்பிக்கக்கூடிய உறுப்பு அது. புதுப்பித்தலில் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு.

டிஸ்க் பிரேக் என்னும் கருத்து பழையது. பிரிட்டனில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953-இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பின்னரே அதன் மதிப்பு உலகறிந்தது. இந்தியச் சாலைகளை ஆண்ட அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நெடுங்காலம் டிரம் பிரேக்குடனேயே ஓடின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அக்காலத்தில் உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்யவேண்டிய தேவை இருந்தது. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னைக்கு அருகே பாடியில் வேரூன்றியது அச்சூழலில்தான். பழுதுபார்ப்போரும் சக்கரச் சிலிண்டரை முழுதாகத் தூக்கி எறிவதில்லை. உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றுவர். 'கிட்' என்ற சொல் இந்திய மெக்கானிக்குகளின் நாவில் நிலைபெற்றது இந்தச் சிக்கனத்தால் என்று கொள்ளலாம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி, தில்லிவாசியான இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார். முன்சக்கர டிஸ்க் பிரேக் நடுத்தர வர்க்க வீடுகளின் வாசலுக்குப் பரவலாக வந்துசேர்ந்தது அவ்வண்டியின் வழியாகத்தான். டிரம்மின் மூடிய கூட்டுக்குள் மறைந்திருந்த வேலை இப்போது வெளியே தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றினால் காலிப்பர் கண்ணெதிரே நின்றது.

அதன் உள்ளமைப்பு எளிது, ஆனால் நுட்பமானது. மிதியை அழுத்தும்போது திரவ அழுத்தம் பிஸ்டனை முன்தள்ள, பிரேக் பேட் தட்டைக் கவ்வுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னிழுப்பது ஸ்பிரிங் அன்று. சிலிண்டரின் உட்சுவரிலுள்ள பள்ளத்தில் பதிந்த, சதுர வெட்டுமுகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்செல்கையில் அவ்வளையம் முறுகுகிறது. அழுத்தம் நீங்கியதும் தன் வடிவுக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரினும் குறைவான தூரம் பின்னிழுக்கிறது. தில்லியின் கோடைப் புழுதி தூசுறையின் கிழிசல் வழியே நுழைந்தாலோ, மழைக்கால ஈரம் துருவை வளர்த்தாலோ பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், பேட் தட்டை உரசியபடியே இருக்கும், சக்கரம் சுடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓடும் வண்டியைவிட மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்நோய் மிகுதி.

மருந்து ஒரு கிட்தான். திரவ அழுத்தத்தாலேயே பிஸ்டனை வெளியேற்றி, பள்ளத்தைக் கீறாமல் சுரண்டி, துருக்குழி விழுந்த பிஸ்டனை ஒதுக்கி, புதிய வளையத்தைப் பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தி, பூட்டியபின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றவேண்டும். 'பிரேக் ஆயில்' என்னும் பெயர் இங்கே பொறிவைக்கிறது. இன்று கடையில் விற்கும் டாட் 3, டாட் 4 திரவங்கள் எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைச் சேர்மங்கள். பெயரை நம்பி எஞ்சின் ஆயில் ஊற்றினாலும், பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ வளையத்தைக் கழுவினாலும் அது உப்பிப்போகும். தொடக்ககாலப் பிரேக் திரவத்தில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது என்பதால் பெயர் முற்றிலும் பொய்யும் அன்று. பேட் தூசியோ வேறுவகை ஆபத்து. பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நெடுங்காலம் கலந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் நலம் குறித்து உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பு ஆலைகளைப் பற்றியது. காற்றடித்துத் தூசியை ஊதிய தெருவோர மிஸ்திரி அதன் பார்வைக்கு வெளியே நின்றார்.

இந்த அறிவு பாடநூலில் அன்று, சந்தைகளில் வாழ்ந்தது. காஷ்மீரி கேட் மொத்தவிலைக் கடைகள், தமிழ் அரசு ஊழியர்கள் குடியேறிய அதே கரோல்பாக்கின் உதிரிபாகத் தெருக்கள், வண்டிகளை உடைத்துப் பிரிக்கும் மாயாபுரி ஆகியவை வேறுபட்ட வணிகங்களாயினும் ஒரே வலையின் கண்ணிகள். மாயாபுரியை வெறும் சாமர்த்தியத்தின் உறைவிடமாகப் போற்றுவது பிழை. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்து ஏலத்தில் போன கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அங்கே பிரிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். எதையும் பிரிக்கத் தெரிந்த கைகளுக்கு, எதைப் பிரிக்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. குற்றம் முதலில் விற்றவர் பக்கமே.

2014 இக்கதையில் ஒரு திருப்பம். ஜனவரியில் மாருதி 800-உம் மே மாதத்தில் அம்பாசிடரும் உற்பத்தி நின்றன. நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசல் வண்டிகளுக்கு வரம்பு 10 ஆண்டு ஆனது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை வழிமொழிந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ 15 ஆண்டுக்குப் பின் தனியார் காரின் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க இடமளித்திருந்தது. அங்கே அளவுகோல் வண்டியின் நிலை. தில்லியில் அது பதிவுத் தேதியாயிற்று. காலிப்பரைப் புதுப்பித்தவர் தேய்மானத்தை வென்றிருக்கலாம். தேதியை வெல்ல அவருக்கு வழியில்லை.

காலிப்பர் சீரானதால் புகை குறைந்துவிடாது என்பதும், தில்லிக் குழந்தைகளின் நுரையீரல் கற்பனைச் சிக்கல் அன்று என்பதும் உண்மை. ஆனால் புகையை அளக்கக் கருவி உண்டு, பிரேக்கைச் சோதிக்கவும் கருவி உண்டு. அவற்றை நேர்மையாக இயக்கும் நிர்வாகத்தை உருவாக்குவதினும் நாட்காட்டியைப் பார்ப்பது எளிது என்பதே இவ்விதியின் வரலாற்றுக் காரணமாகத் தோன்றுகிறது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கும் உத்தரவு நடைமுறைக்கு வந்து, சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள்மீது கட்டாய நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

1983-இல் சாவி கைமாறிய அந்த முதல் மாருதி, உரிமையாளரின் மறைவுக்குப் பின் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்தது. பின்னர் நிறுவனமே அதைச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறது.