திரைக்குப் பின்னால் ஒரு துபாஷி

வரலாற்றுப் பாடத்தில் 'துபாஷி' என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். இருமொழி அறிந்தவர் என்பது அதன் பொருள். எங்கள் காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தமிழ் தெரியாத கம்பெனி அதிகாரிக்கும், பிரெஞ்சு தெரியாத நம் வணிகருக்கும் இடையே நின்று பேசியவர் துபாஷி. புதுச்சேரியில் டூப்ளேக்கு அப்பணியைச் செய்த ஆனந்தரங்கப் பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். துபாஷி வராத நாளில் இரு தரப்பாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய துபாஷி உண்டு. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். தமிழில் இயக்கி எனலாம். திரையில் படம் தீட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கும், கணிப்பொறியை ஆளும் 'கெர்னல்' என்னும் மைய நிரலுக்கும் இடையே அது பேசுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், பழைய பாகங்களைச் சேர்த்து மாணவர்களும் நானும் ஒரு கணிப்பொறி அமைத்தோம். அதில் லினக்ஸ் நன்றாகவே ஓடியது. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் கெர்னலைப் புதுப்பித்தேன். மறுநாள் காலை விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருத்துக் கிடந்தது! ஏன்? விடையறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் 'எக்ஸ் விண்டோ' என்னும் திரை அமைப்பை உருவாக்கினர். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். மறு ஆண்டே எக்ஸ் அமைப்பு லினக்ஸில் ஓடத் தொடங்கிற்று. ஆனால் அக்காலத்தில் திரையின் கணக்கைப் பயனரே போட்டு, ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.

அந்தக் கணக்கு நம் இயற்பியல் பாடந்தான். அன்றைய திரை கேத்தோடு கதிர்க் குழாய். எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதும்; பிறகு இடப்புறம் திரும்பி வர வேண்டும். கீழ்க்கோடியை அடைந்ததும் மேலே ஏற வேண்டும். இத்திரும்பலுக்கும் நேரம் ஆகுமல்லவா? ஆகவே 640 புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும் வரிக்கு 800 புள்ளிகளின் நேரம் ஒதுக்கப்பட்டது. 480 வரிகளுக்கு 525 வரிகளின் நேரம். 800-ஐ 525-ஆல் பெருக்குங்கள்: 4,20,000. கார்டு நொடிக்கு 2,51,75,000 புள்ளிகளை அனுப்புகிறது. வகுத்துப் பாருங்கள், நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை முழுவதும் எழுதப்படுகிறது! எண்ணைத் தவறாகக் கொடுத்தால் படம் குலையும். சில பழைய திரைகளின் மின்சுற்றே பழுதாகலாம் என்றும் எச்சரித்திருந்தார்கள். 1994-இல் வந்த ஒரு பொதுமுறையால், திரையே தன் அளவுகளைக் கார்டுக்குச் சொல்லத் தொடங்கியது. அந்தத் தொல்லை மெல்ல மெல்லத் தீர்ந்தது.

ஆனால் வேறொரு தொல்லை பிறந்தது. முப்பரிமாணப் படங்கள் தீட்டும் கார்டுகள், தாமே சிறு கணிப்பொறிகளாக வளர்ந்தன. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் கார்டு என்ன செய்யும் என்பதே அதன் மொழி. சில நிறுவனங்கள் அம்மொழியை மறைத்தன. 'இயக்கியை நாங்களே தருவோம்; உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்' என்றன.

இதில் என்ன குறை? கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெர்னலோடு சேர்ந்தே வளரும் திறந்த இயக்கியை, அம்மாற்றத்தைச் செய்பவர்களே கூடத் திருத்திவிடுவார்கள். மூடிய இயக்கிக்கோ நிறுவனம்தான் மனம் வைக்க வேண்டும். கார்டு பழையதென்று அது கைவிட்டால், பழுதில்லாத கார்டும் ஊமையாகிவிடும். எங்கள் திரை கருத்ததும் இதனால்தான்; புதிய கெர்னலுக்கு ஏற்ப இயக்கி மீண்டும் தொகுக்கப்படவில்லை. தொடங்கும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து அன்றைய தேர்வை நடத்தினோம்.

மறைத்த மொழியை அறிய முயன்றவர்களும் உண்டு. 'நூவோ' குழுவினர், மூடிய இயக்கி கார்டுக்கு அனுப்பும் எண்களை உற்றுநோக்கி, அவற்றின் பொருளை ஊகித்து, என்விடியா கார்டுகளுக்குத் திறந்த இயக்கி எழுதினர். கல்வெட்டு படிப்பது போன்ற வேலை! 2010-இல் அது கெர்னலில் இடம் பெற்றது. இதற்கிடையே 2007-இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் கார்டுகளின் விவரக்குறிப்புகளை வெளியிட முன்வந்தது. 2022-இல் என்விடியாவும் தன் புதிய கார்டுகளுக்குக் கெர்னல் பகுதி இயக்கியைத் திறந்தது; மற்றப் பகுதி மூடியே இருந்தது.

இது அயல்நாட்டுச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கான 'பாஸ் லினக்ஸ்' தொகுப்பை 2007-இல் வெளியிட்டது. அதில் ஒரு தமிழ் எழுத்து திரையில் தெரிவதற்கும் இந்தத் துபாஷியின் உதவி வேண்டும்.

நீங்களே கணிப்பொறி அமைப்பதானால், முதலில் கார்டின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான திறந்த இயக்கி கெர்னலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் தனியே இயக்கி நிறுவ வேண்டியிராது. மூடிய இயக்கிதான் வழியென்றால், உங்கள் கெர்னலின் தலைப்புக் கோப்புகளையும் உடன் நிறுவுங்கள். பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

துபாஷியை நம்புவதில் தவறில்லை. ஆனால் அவர் பேசும் மொழியை நாமும் கற்க வழி இருக்க வேண்டும். அவர் வராத நாளிலும் நம் வேலை நடக்க வேண்டுமல்லவா?