மஸ்கோகா ஏரிகளின் நீராவிக் கப்பல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஊர் முதலில் தோன்றும். அதன் தேவைக்கேற்பப் போக்குவரத்துப் பின்னர் வரும் என்று கருதுவது பொதுவழக்கு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், டொரோண்டோ நகருக்கு வடக்கே அமைந்த மஸ்கோகா ஏரிப்பகுதி இதற்கு மாறான சான்றாகும். இக்கோடை வாழிடத்தை உருவாக்கியவை நீராவிக் கப்பல்களே என்பதை ஈண்டு நிறுவ முற்படுகிறோம்.

1866ஆம் ஆண்டில் ஏ. பி. காக்பர்ன் என்பார் மஸ்கோகா ஏரியில் 'வினோனா' என்னும் நீராவிக் கப்பலை இயக்கத் தொடங்கினார். அன்று அதில் பயணம் செய்தோர் உல்லாசப் பயணிகள் அல்லர்; காடழித்து நிலம் திருத்த வந்த குடியேறிகள். 1868ஆம் ஆண்டின் இலவச நிலக்கொடைச் சட்டம் மேலும் பலரை அங்கு ஈர்த்தது. பாறையும் சதுப்பும் நிறைந்த அந்நிலத்தில் சாலை அமைப்பது அரிது. ஆகவே, கடிதமும் மாவும் கருவிகளும் நீர்வழியே வந்தன. கப்பலே அவர்களுக்குச் சாலையாயிற்று.

சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய காக்பர்னின் முயற்சியால், நீர்மட்டம் வேறுபட்ட மஸ்கோகா, ரோசோ ஏரிகளுக்கிடையே கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகமைப்பு போர்ட் கார்லிங்கில் 1871இல் நிறைவுற்றது. 1875இல் இருப்புப்பாதை கிரேவன்ஹர்ஸ்ட் துறையை எட்டியது. இரயிலிலிருந்து இறங்கியோர் நேரே கப்பலேறினர். வேளாண்மைக்கு உதவாத பாறை நிலம், கோடை விடுதிகளுக்குத் தக்கதாயிற்று. குடியானவர்கள் தம் பாலையும் காய்கறியையும் விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்தனர். கப்பல் நிறுவனமே விடுதித் தொழிலிலும் இறங்கியது. 1901இல் ராயல் மஸ்கோகா விடுதி திறக்கப்பட்டது. 1906இல் 'சகாமோ' என்னும் பெருங்கப்பல் வெள்ளோட்டம் கண்டது.

இவ்வளர்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. போர்ட் கார்லிங் அமைந்த இடத்தில் முன்னர் ஒஜிப்வே பழங்குடியினரின் சிற்றூர் இருந்தது. அம்மக்கள் அங்கிருந்து அகல நேர்ந்தது. ஆயினும் அவர்தம் மொழிச் சொற்கள் கப்பல்களின் பெயர்களாக நின்றன. 'செக்வுன்' என்பது இளவேனிலைக் குறிக்கும். மக்களை விலக்கிவிட்டு அவர்களுடைய சொற்களை மட்டும் அணிகலனாகக் கொள்ளும் குடியேற்றப் போக்கை இதில் காண்கிறோம்.

கப்பல்களை வீழ்த்தியதும் மற்றொரு போக்குவரத்தே. தானுந்தும் நல்ல சாலைகளும் பரவியபின், பயணிகள் தம் கோடை இல்லங்களின் வாயில்வரை தாமே சென்றனர். இரயிலையும் கப்பலையும் நம்பியிருந்த பெருவிடுதிகள் நலிவுற்றன. ராயல் மஸ்கோகா 1952இல் தீக்கிரையாயிற்று. 1958ஆம் ஆண்டுப் பருவத்தோடு கப்பல் சேவையும் முடிவுற்றது.

எனினும், 1887இல் கட்டப்பட்ட 'நிப்பிசிங்' கப்பலின் இரும்புடலைக் கொண்டு 1925இல் புதுப்பிக்கப்பட்ட 'செக்வுன்' எஞ்சியது. சிலகாலம் காட்சியகமாக நின்ற அது, சீரமைக்கப்பட்டு 1981இல் மீண்டும் பயணிகளை ஏற்றியது. இம்மீட்பு பாராட்டத்தக்கதே. ஆயினும், அக்கப்பல் மீண்டது உலாக் கலமாக மட்டுமே; தபாலும் மாவும் சுமந்த பொதுப்பணி மீளவில்லை. இன்பப் பொழுதின் சின்னமாக மட்டும் அதனைப் போற்றுவோமாயின், குடியேறியின் உழைப்பும் இடம்பெயர்ந்தோரின் இழப்பும் மறைந்துபோகும். ஒரு கப்பலைக் காப்பது வேறு. அது சுமந்த வரலாற்றைக் காப்பது வேறு. பின்னதே வரலாற்று மாணவர்க்குரிய கடமை என்பது நம் துணிபு.