இன்சுலின் கண்டுபிடிச்ச கதை தெரியும். சொல்லிக்கொடுத்தவங்க கதை?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

ஒவ்வொரு நவம்பர் 14-க்கும் வாட்ஸப்பில் ஒரு ஃபார்வர்ட் சுத்தும். டொரன்டோ ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வார்டு, வரிசையா 50 குழந்தைகள், எல்லாரும் சர்க்கரை நோய் கோமாவில். பக்கத்தில் அழுதுகிட்டிருக்கும் பெற்றோர். டாக்டர்கள் ஒவ்வொரு படுக்கையா இன்சுலின் போட்டுட்டே போறாங்க. கடைசிக் குழந்தைக்குப் போடறதுக்குள்ள முதல் குழந்தை கண் முழிச்சிடுது.

படிக்கும்போது புல்லரிக்கும். ஆனா இப்படி ஒரு சம்பவம் நடந்ததுக்கு ஆதாரம் இல்ல. 1922 தொடக்கத்தில் அவங்க கையில் இருந்த மருந்து ஒரு சிறுவனுக்கே சரியா போதல.

அந்தச் சிறுவன் லியனார்ட் தாம்சன். வயசு 14, எடை சுமார் 29 கிலோ. 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் அவனுக்கு முதல் ஊசி. பெரிசா ஒண்ணும் நடக்கல. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது, அவ்வளவுதான். நிறுத்திட்டாங்க. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் ராப்பகலா உட்கார்ந்து மருந்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்த பிறகு, ஜனவரி 23-ல் மறுபடி போட்டாங்க. அப்போதான் சர்க்கரை சரசரன்னு இறங்கியது. பான்டிங், பெஸ்ட், மக்ளியாட், காலிப் நாலு பேரும் சரித்திரத்தில் இடம் பிடிச்சாங்க. 1923-ல் பான்டிங்குக்கும் மக்ளியாடுக்கும் நோபல் பரிசு. கதை முடிஞ்சது, சுபம்.

ஆனா அந்த ஃபார்வர்டில் எனக்குப் பெரிய உறுத்தல் வேற. ஒரு ஊசி, உடனே கண் முழிப்பு, ஆனந்தக் கண்ணீர்னு முடிச்சிடுது பாருங்க, அதுதான். மறுநாள் காலையில் அந்தக் குழந்தைக்கு அடுத்த ஊசி வேணுமே. சாயங்காலம் இன்னொண்ணு வேணும். அமெரிக்க வெளியுறவுத் துறை அமைச்சர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்ட்டில் பான்டிங்கிடம் இன்சுலின் ஆரம்பிச்சவர். அப்போ எடை 20 கிலோ சொச்சம். 1981 வரை வாழ்ந்தார். வாழ்நாளில் போட்டுக்கிட்ட ஊசிகள் சுமார் 42,000-னு கணக்கு சொல்றாங்க. முதல் ஊசியை டாக்டர் போட்டார். மீதியை?

இதுக்குப் பதில் தேட, இன்சுலினுக்கு முந்தைய காலத்துக்குக் கொஞ்சம் போகணும்.

1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தாங்க. நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்தில்தான் விஷயம் இருக்குன்னு தெரிஞ்சது. மருந்துதான் வரல. அந்த 30 வருஷ இடைவெளியில் அமெரிக்காவில் கோலோச்சினது ஃபிரெடெரிக் ஆலன் என்பவரின் பட்டினி வைத்தியம். சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை சாப்பாடே கிடையாது. அப்புறம் உயிரை இழுத்துப் பிடிக்கிற அளவுக்கு மட்டும். காய்கறியை மூணு தடவை வேகவெச்சு தண்ணியைக் கொட்டிடுவாங்க, கொஞ்சநஞ்ச மாவுச்சத்தும் போகட்டும்னு. கொடூரமாத்தான் இருக்கும், ஆனா ஆலன் கொடுமைக்காரர் இல்ல. கார்போஹைட்ரேட்டைச் செலவழிக்க இன்சுலின் இல்லாத உடம்புக்கு அன்னைக்கு வேற வழி இல்ல. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆயுள் நீளும். அதுக்குள்ள ஏதாவது கண்டுபிடிப்பாங்கன்னு நம்பிக்கை.

இந்த வைத்தியத்தில் நர்ஸ்களோட வேலை என்ன? காவல். ஆலன் பதிவு பண்ணின ஒரு கேஸ் இருக்கு. 12 வயசுப் பையன், சர்க்கரையால் பார்வையும் போயிடுச்சு. எத்தனை காவல் போட்டும் சிறுநீரில் சர்க்கரை வந்துகிட்டே இருக்கு. எங்கிருந்துன்னு பார்த்தா, பல் தேய்க்கிற பேஸ்ட்டைச் சாப்பிட்டிருக்கான். ஆசையா கேட்டு வாங்கின கூண்டுப் பறவைக்குப் போட்ட தானியத்தைச் சாப்பிட்டிருக்கான். கடைசியில் பட்டினியிலேயே இறந்துபோனான்.

அந்தப் பையனைக் காவல் காத்த நர்ஸ் ராத்திரி வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கியிருப்பாங்கன்னு நான் அடிக்கடி யோசிக்கிறதுண்டு.

இப்போ பாஸ்டனுக்கு வாங்க. எலியட் ஜாஸ்லின். தன் அம்மாவுக்கே சர்க்கரை நோய் வந்து பார்த்த டாக்டர். ஒவ்வொரு நோயாளியோட விவரத்தையும் பேரேட்டில் வரிசையா எழுதி வெச்சவர். இன்சுலின் வருவதற்கு 4 வருஷம் முன்னாடியே, 1918-ல், நோயாளிகளுக்காக ஒரு கையேடு போட்டார். தலைப்பிலேயே டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்த வேண்டியதுன்னு இருக்கும். நோயாளிக்குத் தன் நோயைப் பத்தி எதுக்குத் தெரியணும்னு டாக்டர்கள் நினைச்ச காலம் அது. (இப்போ மட்டும் என்னவாம்னு கேட்கிறீங்க. வரேன்.)

1922 ஆகஸ்ட் 7. ஜாஸ்லின் முதல்முறையா ஒரு நோயாளிக்கு இன்சுலின் போடறார். எலிசபெத் மட்ஜ், வயசு 42, எலும்பும் தோலுமா இருந்தவர். தொழில்? நர்ஸ்! பாஸ்டனில் ஜாஸ்லினோட இன்சுலின் சரித்திரம் ஒரு நர்ஸோட உடம்பில்தான் தொடங்குது. பல மாசமா வீட்டை விட்டு வெளிய வராதவர், சில வாரத்தில் எழுந்து நடமாட ஆரம்பிச்சார்.

சரி, மருந்து வந்தாச்சு. 1923-ல் ஒரு அம்மா தன் குழந்தையோட டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறாங்கன்னு வெச்சுக்கோங்க. அவங்களுக்கு என்னென்ன தெரியணும்?

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்கணும். ஊசி மழுங்கினா கல்லில் தீட்டணும். ஆமா, அதே ஊசிதான் திரும்பத் திரும்ப. மருந்து வெவ்வேற வீரியத்தில் வரும், பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்து அளவைக் கணக்குப் போடணும். அன்னைக்கு இருந்த இன்சுலின் சில மணி நேரம்தான் வேலை செய்யும், அதனால ஒரு நாளைக்குப் பல ஊசி. சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் போடணும். சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் சில சொட்டு விட்டுக் காய்ச்சணும்: நீலமாவே இருந்தா சர்க்கரை இல்ல, பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு போய் செங்கல் நிறம் வந்தா நிறைய. (ஸ்கூல் லேபில் பண்ணின ஞாபகம் வருதா? நம்ம ஊர்லயும் குளுக்கோமீட்டர் வரும் வரைக்கும் வீட்டு அடுப்பிலயே இதைப் பண்ணினவங்க உண்டு.) எல்லாத்துக்கும் மேல, லோ சுகர். அதுவரை சர்க்கரை நோயில் யாரும் பார்த்திராத புது ஆபத்து. குழந்தை திடீர்னு வேர்த்து, நடுங்கி, உளறினா அது அடம் இல்ல, உடனே ஆரஞ்சு ஜூஸ் கொடுக்கணும். நேத்து வரைக்கும் விஷம்னு சொல்லி ஒளிச்சுவெச்ச அதே சர்க்கரையை இன்னைக்குப் பையில் வெச்சுக்கிட்டுத் திரியணும்.

இதையெல்லாம் ஒரு டாக்டர் ரவுண்ட்ஸ்ல வந்து 5 நிமிஷத்தில் சொல்லிட்டுப் போக முடியாதுன்னு ஜாஸ்லினுக்குப் புரிஞ்சது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வகுப்பு ஆரம்பிச்சார். நர்ஸ்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து நோயாளிகளோட வீட்டுக்கே அனுப்பினார். 'ஊர்சுற்றி நர்ஸ்கள்'னு பேர். அந்த வீட்டு அடுப்படியில் நின்னு, அங்க என்ன சமைக்கிறாங்களோ அதை நிறுக்கக் கத்துக்கொடுத்து, அம்மாவோட கை நடுக்கம் போற வரைக்கும் பக்கத்தில் நின்னு ஊசி போடவெப்பாங்க. 1932-ல் மாசசூசெட்ஸில் சர்க்கரை நோய் உள்ள சிறுமிகளுக்காக ஒரு கோடை முகாம் தொடங்கியது. இடம் எது தெரியுமா? அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய நர்ஸ் கிளாரா பார்ட்டன் பிறந்த இடம்.

பத்து வருஷத்துக்குள்ள நர்ஸ் செஞ்ச வேலை தலைகீழா மாறினதைப் பாருங்க. பூட்டிக் காவல் காத்தவங்க, சாவியைக் கையில் கொடுத்து எப்படித் திறக்கணும்னு சொல்லித் தரவங்களா ஆனாங்க.

பிரிட்டனில் இது வர நாளாச்சு. 1950-ல் லெஸ்டரில் ஜோன் வாக்கர் என்ற டாக்டர், சர்க்கரை நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஹெல்த் விசிட்டர்களை வெச்சார். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்பைத் தொடங்கினாங்க. அதாவது நோயாளியைப் பரிசோதிச்சு, சிகிச்சையைத் தானே முடிவு பண்ற அளவுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லாஸ் ஏஞ்சலஸ் அரசு ஆஸ்பத்திரிக் கதை. 1960-களின் கடைசி. ஏழை நோயாளிகள், பல மணி நேர வரிசை, நம்ம ஜி.ஹெச். மாதிரிதான். லியோனா மில்லர் என்ற டாக்டர் பெரிய கருவி எதுவும் வாங்கல. சர்க்கரை நோய்ப் பிரிவைத் திருத்தி அமைச்சு, நர்ஸ்களுக்கு அதிகப் பொறுப்பு கொடுத்து, நோயாளிகள் கூப்பிட ஒரு டெலிபோன் வெச்சார். காய்ச்சலா, வாந்தியா, இன்சுலின் தீர்ந்துபோச்சா, உடனே போன் பண்ணலாம். கீட்டோஅசிடோசிஸ்னு ஒண்ணு இருக்கு, இன்சுலின் இல்லாம ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும் நிலை. அப்படி வந்து சேர்ந்தவங்க எண்ணிக்கை சுமார் மூணில் ரெண்டு பங்கு குறைஞ்சது. 1972-ல் அதைக் கட்டுரையா வெளியிட்டார். புது மருந்து எதுவும் இல்ல. ஒரு போன், அதை எடுத்துப் பேச விவரம் தெரிஞ்ச ஆள்.

இதுக்கு நடுவுல டாக்டர்களுக்குள்ள ஒரு பெரிய சண்டை. கோமாவில் சாகாம பிழைச்சவங்களுக்கு 15, 20 வருஷம் கழிச்சுக் கண் போச்சு, கிட்னி போச்சு. சர்க்கரையை இறுக்கிப் பிடிச்சா இதைத் தடுக்கலாம்னு ஜாஸ்லின் கட்சி. எப்படி வெச்சாலும் வர்றது வரும், ஏன் நோயாளியைப் படுத்தறீங்கன்னு எதிர்க்கட்சி. 1962-ல் ஜாஸ்லின் இறக்கும்போதும் தீர்ப்பு வரல.

வந்தது 1993-ல். டி.சி.சி.டி. ஆய்வு, 1,441 டைப் 1 நோயாளிகள், சராசரியா ஆறரை வருஷம். சர்க்கரையை இறுக்கிப் பிடிச்ச குழுவில், விழித்திரைப் பாதிப்பு புதுசா வரும் ஆபத்து 76 சதவீதம் குறைவு. கடுமையான லோ சுகர் மூணு மடங்கு அதிகம், அதையும் சொல்லணும். எல்லாரும் இந்த 76-ஐத்தான் மேற்கோள் காட்டுவாங்க. எப்படிப் பிடிச்சாங்கன்னு பார்க்கறதில்ல. ஒரு நாளைக்கு மூணு ஊசி அல்லது அதுக்கு மேல, இல்லன்னா பம்ப். நாலு தடவை விரல் குத்தி டெஸ்ட். மாசா மாசம் நேர்ல சந்திப்பு. அதுக்கு நடுவுல அடிக்கடி போன். அந்தப் போன்ல பேசினவங்களில் பெரும்பகுதி நர்ஸ்கள். ரெண்டு குழுவுக்கும் மருந்து அதே இன்சுலின்தான்.

நம்ம ஊருக்கு வரேன். 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மு. விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குன்னே புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரி. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை தேடி வந்த மாதிரி சொல்லிக்கொடுக்கற ஆள் வந்தாச்சான்னு கேட்டா, இன்னும் இல்லன்னுதான் சொல்வேன். ஓ.பி.யில் எனக்கு ஒரு நோயாளிக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். வார்டில் சிஸ்டருக்கு ஊசி போடவே நேரம் பத்தாது. சொல்லிக்கொடுக்கறது யாரோட வேலைப் பட்டியலிலும் இல்ல.

அதனால என்ன நடக்குது? ஒரே ஒரு உதாரணம். இந்தியாவில் இன்சுலின் ரெண்டு வீரியத்தில் வருது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டில், 100 யூனிட் உள்ள பாட்டில். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜும் 100-தான். சிரிஞ்சும் அதே மாதிரி ரெண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் ஆச்சுன்னு கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது 20 இல்ல, 50 யூனிட். ராத்திரி போட்டுட்டுத் தூங்கினா விடியறது சந்தேகம். மாத்திப் போட்டா, அதாவது 40 பாட்டிலை ஆரஞ்சு மூடியில் 20 வரைக்கும் இழுத்தா, போறது 8 யூனிட்தான். சுகர் ஏன் இறங்கலைன்னு நாங்க டோஸை ஏத்திக்கிட்டே போவோம்.

1923-ல் அந்த அம்மா பாட்டில்ல எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்துக் கணக்குப் போட்ட அதே பிரச்சினைதான் இது. அவங்களுக்குச் சொல்லித்தர வீட்டுக்கு நர்ஸ் வந்தாங்க.

வீட்டில் யாராவது இன்சுலின் போடறாங்கன்னா இன்னைக்கே பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. பாட்டில்ல 40-ஆ 100-ஆ, மூடி சிவப்பா ஆரஞ்சான்னு. பொருந்தலைன்னா நீங்களா டோஸை மாத்தாதீங்க, ரெண்டையும் அப்படியே பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. டாக்டர் பிஸியா இருந்தா ஊசி போடற சிஸ்டர்கிட்ட காட்டுங்க.