நிச்சயமின்மையை வரைதல்: விசிறி வரைபடமும் புயல் கூம்பும்

வருங்காலக் கணிப்பு எதுவும் பிழைக்கு இடந்தருவதே. அப்பிழையின் எல்லையைப் படமாக வரைந்தால் மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர் என்பது பொதுவான நம்பிக்கை. வரைந்தோர் கருதியதும் காண்போர் கொண்டதும் வேறுபடக்கூடும் என்பதை இரு வரைபடங்களின் வரலாறு காட்டுகிறது.

இங்கிலாந்து வங்கி 1996 பிப்ரவரியில் தன் பணவீக்க அறிக்கையில் விசிறி வரைபடத்தை அறிமுகப்படுத்தியது. நடுவில் அடர்ந்தும் ஓரம் நோக்கி வெளிறியும் செல்லும் சிவப்புப் பட்டைகளால் அது அமைந்தது, நடுக்கோடு வரையப்படவில்லை. பட்டைகள் அனைத்தும் சேர்ந்து 90 விழுக்காடு நிகழ்தகவையே அடக்கின. ஒற்றை எண்ணைக் கணிப்பாகக் கொள்ளும் வழக்கத்தை மாற்றுவதே இதன் நோக்கம்.

அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் 2002 முதல் வெளியிட்டுவரும் கூம்பு வரைபடம் வேறு வகையினது. முந்தைய 5 ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்குமாறு வட்டங்கள் வரைந்து, அவற்றை இணைத்துக் கூம்பு அமைப்பதே இன்றைய முறை. புயலின் மையம் செல்லக்கூடிய பரப்பை மட்டுமே அது குறிக்கும். காற்றும் மழையும் கடல்நீர்ப் பெருக்கும் எதுவரை பரவும் என்பதைக் குறிக்காது. மையமே கூம்புக்கு வெளியே செல்வதும் உண்டு.

2004 ஆகஸ்டில் சார்லி புயலுக்கான நடுக்கோடு ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவை நோக்கியிருந்தது. ஆகஸ்ட் 13 அன்று புயல் வலப்புறம் திரும்பி, டாம்பாவுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, புன்டா கோர்டா நகரைத் தாக்கியது. அப்பகுதி கூம்புக்குள்ளேயே இருந்தது, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் பலர் கூம்பை விடுத்துக் கோட்டையே நோக்கியிருந்தனர். கென்னத் பிராடும் உடனாய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய தவறான புரிதல்களை ஆராய்ந்தது. கூம்பு விரிவதைப் புயலே பெருப்பதாகக் கொள்வதும், அதன் விளிம்புக்கு அப்பால் அபாயமில்லை எனக் கருதுவதும் பிற ஆய்வுகளிலும் வெளிப்பட்டன.

2022 செப்டம்பர் 28 அன்று ஈயன் புயல், சார்லி கரையைத் தொட்ட அதே கேயோ கோஸ்டா தீவில் கரையேறியது. கூம்பின் ஓரத்தில் வாழ்வோர் அபாயத்தை எவ்வாறு உணர்கின்றனர் என்னும் வினா மீண்டும் எழுந்தது. 2024இல் உள்நாட்டு எச்சரிக்கைப் பகுதிகளையும் வண்ணமிட்டுக் காட்டும் சோதனை வடிவம் வெளியாயிற்று.

விசிறியில் நிறம் படிப்படியாக வெளிறுகிறது. கூம்பில் எல்லை ஒரே கோட்டில் முடிகிறது. நிகழ்தகவுக்கு இல்லாத அந்த விளிம்பைக் கண் பாதுகாப்பின் எல்லையாகக் கொள்கிறது. ஆகவே, கணக்கு பிழையற்றிருப்பது மட்டும் போதாது. படத்தைக் கண்டோர் எடுக்கும் முடிவைக் கொண்டே அதன் தகுதி மதிப்பிடப்பட வேண்டும்.